சிலையில்லாத தெய்வம்

ரோமானியத் தெய்வங்களில் வீனஸைத் தெரிந்த அளவுக்கு வெஸ்டாவை நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கோ அவள்தான் முதலில் நினைவுக்கு வருவாள். அடுப்பின் தெய்வம் அவள். ரோம் நகரின் பொதுச் சதுக்கமான ஃபோரத்திலிருந்த அவளுடைய வட்டக் கோயிலில் சிலை கிடையாது. எரியும் நெருப்புதான் தெய்வம்.

அதைக் காத்தவர்கள் 6 பூசாரினிகள். 6 முதல் 10 வயதுக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 30 ஆண்டுகள் மணமாகாமல் பணிசெய்தார்கள். உப்பும் மாவும் கலந்து அவர்கள் செய்த 'மோலா சால்சா'தான் அரசு பலிகளில் விலங்கின் தலையில் தூவப்பட்டது. ஜூன் 9 வெஸ்டாலியா திருவிழா அன்று ரொட்டிக்காரர்களுக்கு விடுமுறை. மாவரைக்கும் கழுதைகளுக்கு ரொட்டி கோத்த மாலை!

சொந்தச் சொத்து, உயில் எழுதும் உரிமை என அன்றைய பெண்களுக்கு அரிதான மதிப்பெல்லாம் இவர்களுக்கு இருந்தது. ஆனால் நெருப்பு அணைந்தால் கசையடி. கற்பு தவறியதாகத் தீர்ப்பானால், ஒரு விளக்கும் கொஞ்சம் ரொட்டியும் தண்ணீரும் பாலும் எண்ணெயும் வைத்த நிலவறைக்குள் உயிரோடு மூடிவிடுவார்கள். பேரரசர் டொமிஷியன் அப்படித்தான் தலைமைப் பூசாரினி கொர்னேலியாவைக் கொன்றார். அவளுக்குத் தன் தரப்பைச் சொல்லக்கூட வாய்ப்பு தரவில்லை என்று ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில், தியோடோசியஸ் ஆட்சியில் இந்த வழிபாடு முடிவுக்கு வந்தது. ரோம் போகிறவர்கள் ஃபோரத்தில் பூசாரினிகளின் இல்லத்துக்குக் கட்டாயம் போங்கள். அங்கே கி.பி. 364ஆம் ஆண்டுச் சிலைபீடம் ஒன்றில் ஒரு பூசாரினியின் பெயரைச் செதுக்கி அழித்திருக்கிறார்கள். முதலெழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள்.