புதிய தாதியரும் நேரமும்: எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

தோட்டப்புறத்தில் நேரத்தைப் பற்றி யாரும் நமக்குத் தனியாகப் பாடம் நடத்தியதில்லை. ஆனால், விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிய நம் தாய்மார்கள் அதை நன்கு அறிந்திருந்தனர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே முதலில் எல்லா மரங்களையும் வெட்டினர். பிறகு வெட்டிய வரிசையிலேயே திரும்பி வந்து பால் எடுத்தனர். எந்த வேலை காத்திருக்காது என்று அறிவதே நேர நிர்வாகத்தின் முதற்படி.

இன்று நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டம் போன்ற இடங்களில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாதியர் பணி மதிப்பான ஒரு வாய்ப்பு. 1985-இல் முதற்பாலமும் 2014-இல் பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டதால், தீவிலுள்ள மருத்துவமனைகளுக்கும் சென்று வர முடிகிறது. ஆனால், பயிற்சி முடித்து வார்டில் கால் வைத்ததும் பலர் சொல்வது ஒன்றே: "நேரம் போதவில்லை!"

பதற்றம் இயல்பானதே

அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூலில், ஒரு தாதி ஐந்து படிகளைக் கடந்து வளர்வதாக விளக்கினார். ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகே, வேலைகளைத் திட்டமிட்டு முன்பின் வரிசைப்படுத்தும் திறன் கைகூடுகிறது என்பது அவர் கருத்து. எனவே, முதல் மாதத்திலேயே மூத்த தாதியின் வேகம் வரவில்லையே என்று மனம் உடைய வேண்டியதில்லை.

முதல் அரை மணி நேரம்

நம் அரசு மருத்துவமனைகளில் பொதுவாகக் காலை 7 முதல் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, 9 முதல் மறுநாள் காலை 7 வரை எனப் பணிநேரம் பிரிகிறது. 'பாஸ் ஓவர்' எனப்படும் பணி ஒப்படைப்பின்போது ஒரு தாளில் கட்டில் எண், நோய், மருந்து நேரம், ட்ரிப் முடியும் நேரம், செய்ய வேண்டிய பரிசோதனை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த வேலையையும் தொடங்குமுன் எல்லா நோயாளிகளையும் ஒரு சுற்றுப் பார்த்து வாருங்கள். மூச்சு, முகத்தின் நிறம், சுயநினைவு, ட்ரிப், குழாய்கள் ஆகியவற்றைக் கவனியுங்கள். மூச்சின் எண்ணிக்கையை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். உடல்நிலை மோசமாவதை அதுவே பல வேளைகளில் முதலில் காட்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

மூன்று வகை வேலைகள்

முதல் வகை, உடனே செய்ய வேண்டியவை: மூச்சுத் திணறல், இரத்தப்போக்கு, நெஞ்சுவலி, மயக்கம். இரண்டாம் வகை, நேரம் தவறக்கூடாதவை: சாப்பாட்டை ஒட்டிய இன்சுலின், அறுவைக்கு முந்திய ஆயத்தம் போன்றவை. கிருமி இரத்தத்தில் பரவி அதிர்ச்சி நிலைக்குச் சென்றவருக்கு ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி தரவேண்டும் என்று அனைத்துலக வழிகாட்டி கூறுகிறது. மூன்றாம் வகை, சற்றுக் காத்திருக்கக்கூடியவை: படுக்கை விரிப்பு மாற்றுதல், அலமாரி நிரப்புதல் போன்றவை.

மருந்துகளிலும் இந்தப் பாகுபாடு உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் எல்லா மருந்துக்கும் 30 நிமிடம் முன் பின் என்ற ஒரே விதி இருந்தது. அதற்குள் முடிக்க வேண்டுமே என்று தாதியர் ஆபத்தான குறுக்குவழிகளைக் கையாள்வது தெரியவந்தது. 2011-இல் வெளியான வழிகாட்டி, நேரம் தவறக்கூடாத மருந்துகளைத் தனியே பிரித்து, மற்றவற்றுக்குக் கூடுதல் அவகாசம் தந்தது. உங்கள் மருத்துவமனையின் விதி எதுவோ, அதையே பின்பற்றுங்கள்.

குறுக்கீடு என்னும் எதிரி

2010-இல் வெளியான ஓர் ஆய்வு, சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 தாதியரைக் கவனித்தது. மருந்து கொடுக்கும் வேளைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குறுக்கீடு இருந்தது. ஒவ்வொரு குறுக்கீடும் மருந்துப் பிழையைச் சுமார் 12 விழுக்காடு கூட்டியது. ஆகவே மருந்து எடுக்கும்போது யாராவது அழைத்தால், "இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லலாம். அவசரம் மட்டுமே விதிவிலக்கு. இடையில் நிறுத்த நேர்ந்தால் தொடக்கத்திலிருந்தே மீண்டும் சரிபாருங்கள்.

மிச்சப்படுத்தக்கூடாத நேரம்

கிருமிநாசினியால் கை தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்பால் கழுவ 40 முதல் 60 விநாடி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. இதில் கை வைக்கக்கூடாது. நேரத்தை மிச்சப்படுத்த வேறு வழி உண்டு. ஒரு கட்டிலுக்குப் போகுமுன் தேவையான பொருள்கள் அனைத்தையும் தட்டில் எடுத்துச் சென்றால், திரும்பத் திரும்ப நடப்பது குறையும். செய்ததை அப்போதே எழுதினால், பணி முடிந்த பிறகு உட்கார்ந்து நினைவுபடுத்த வேண்டியிராது.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் எழுதிய தாதியர் நூலில் இதற்கென ஓர் அத்தியாயமே உண்டு. தான் அருகில் இருக்கும்போது நடப்பவை, தான் இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு செய்வதே நல்ல நிர்வாகம் என்பது அதன் சாரம். முடியாத வேலையை மறைக்காமல் அடுத்து வருபவரிடம் தெளிவாக ஒப்படைப்பதும் இதில் அடங்கும். இரண்டு நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் உடல்நிலை மோசமானால், உடனே மூத்த தாதியையோ சிஸ்டரையோ அழையுங்கள். உதவி கேட்கத் தயங்கும் அந்தப் பத்து நிமிடம் ஓர் உயிரின் விலையாகலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

இரவுப் பணி முடித்து வரும் பிள்ளை பகலில் உறங்குவது சோம்பல் அன்று. உறக்கம் குறைந்தால் கவனம் குறையும். கவனம் குறைந்தால் பாதிக்கப்படுவது நோயாளி. அந்த நேரத்தில் வீட்டு வேலைக்கோ விருந்தினரை வரவேற்கவோ எழுப்பாமல் இருப்பது, முகம் அறியாத ஒரு நோயாளிக்கு நாம் செய்யும் தொண்டாகும்.