வசம்பு தடவி நாக்கு சுருங்காது

‘வளர வளரச் சரியாகிவிடும்’

பிறந்ததிலிருந்தே நாக்கு வாய்க்குள் அடங்காத குழந்தைகளைப் பேச்சு வரவில்லை என்று மூன்று, நான்கு வயதில்தான் மருத்துவரிடம் கொண்டுவருகிறார்கள். அதற்குள் கீழ்த்தாடை முன்தள்ளி, மேல் கீழ் முன்பற்கள் சந்திக்காமல் போயிருக்கும். வளரட்டும் என்று காத்திருப்பது முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். தாடை வளரும்போது இலேசான பெருநாக்கு வாய்க்குள் அடங்கிவிடுவது உண்டு. ஆனால் அப்படி அடங்கக்கூடிய நாக்கு எது என்பதை அக்கம்பக்கத்தார் சொல்ல முடியாது. குழந்தை பால் குடிப்பதையும் தூங்குவதையும் கவனித்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

தேனும் வசம்பும்

தோட்டங்களை விட்டுப் பாரோய், சிரம்பான் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்த பிறகும் கைவைத்தியம் நம்மை விடவில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவினால் தடிப்பு குறையும், பேச்சு வரும் என்கிறார்கள். எதைத் தடவினாலும் நாக்கின் தசை கரையாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே ஆபத்து. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குடலில் பெருகி, மூச்சுவிடும் தசையையும் தளர்த்திவிடும். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்கு இதைக் கொடுக்க எப்படித்தான் மனம் வருகிறது? கர்ப்பத்தில் கிரகணம் பட்டதால் நாக்கு தடித்தது என்பதும் தாயைப் பழிப்பதும் அதே அறியாமைதான். நாக்கு தடித்த பிள்ளைக்குப் புத்தி மந்தம் என்பது இன்னும் கொடுமை. பெக்வித் 1963-லும் வீடமன் 1964-லும் விவரித்த, சுமார் 10,000 பிறப்புக்கு ஒன்றாக வரும் பிறவிக் கோளாறு நாக்குத் தடிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் அறிவு வளர்ச்சி இயல்பானதே. தைராய்டு குறைவால் நாக்கு பெருத்திருந்தால் தேவைப்படுவது மாத்திரை, கத்தி அல்ல. அந்த மாத்திரை தாமதமானால்தான் மூளை பாதிக்கப்படும்.

காரணத்தைக் கண்டறிய இரத்தத்தில் தைராய்டு, சர்க்கரை, மரபணுச் சோதனைகளும் வயிற்று ஸ்கேனும் முக்கியமானவை.

அழகுக்காகச் செய்வதல்ல

நாக்கைச் சிறிதாக்க அறுவை என்றதும், வெட்டினால் ருசியும் பேச்சும் போய்விடும் என்ற பயம் இயல்பானது. ஆனால் அறுவை மருத்துவர் பக்கவாட்டில் ஓடும் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தவிர்த்து, நுனியிலும் நடுவிலும் ஆப்பு வடிவில் தசையை எடுக்கிறார். ருசி பெரும்பாலும் அப்படியே இருக்கும். பேச்சுப் பயிற்சியோடு பெரும்பாலான குழந்தைகள் புரியும்படி பேசுகிறார்கள். சங்கடங்களும் உண்டு. வீக்கம் வடியும்வரை சில நாள் தீவிரக் கண்காணிப்பு வேண்டும், சிலருக்கு மறுபடியும் அறுவை தேவைப்படும், பற்களுக்குப் பின்னாளில் கம்பி போட நேரலாம். எல்லாக் குழந்தைக்கும் இது வேண்டியதில்லை. மூச்சு, உணவு, தூக்கம், தாடை, பேச்சு ஆகியவற்றில் ஒன்று கெடும்போதுதான் இந்த முடிவு. அந்நிலையில் மறுப்பது குழந்தையைக் காப்பதாகாது. வாயை மூடி மெல்ல முடிவதும், எச்சில் ஒழுகாமல் தமிழ்ப்பள்ளி வகுப்பில் உட்கார முடிவதும், இரவு முழுக்கத் தூங்கிக் காலையில் பாடத்தைக் கவனிக்க முடிவதும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை.

கெஞ்சிக் கேட்கிறேன்

பால் குடிக்கும்போது அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்கினாலோ, தூக்கத்தில் குறட்டைவிட்டு இடையில் மூச்சு நின்றாலோ, அருகிலுள்ள அரசு கிளினிக்கில் காட்டி, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். உதடு நீலமானால் கடிதத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே ஓடுங்கள். பெக்வித்–வீடமன் கோளாறு உள்ள குழந்தைக்குச் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் கட்டி வரும் அபாயம் உண்டு. நாக்கு சிறிதாகிவிட்டதே என்று, ஏறக்குறைய 7 வயதுவரை 3 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வயிற்று ஸ்கேனைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.