பீடியை விட்டால் எடை ஏன் கூடுகிறது?

மரக்காணம் உப்பளங்களில் தை, மாசியில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். உச்சி வெயிலில் பாத்தியில் உப்பு வாரியவர், வரப்பில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தால் பசி அடங்கிவிடுகிறது. எப்படி? நிகோடின், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் பசியைத் தணிக்கும் நரம்பணுக்களைத் தூண்டுகிறது. உடல் சக்தியை எரிக்கும் வேகத்தையும் சற்றே கூட்டுகிறது.

பீடியை விட்டதும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. நாக்குக்கு ருசி தெளிகிறது. வாய் சும்மா இருப்பதில்லை. வடை, முறுக்கு, சர்க்கரை தூக்கலான டீ என்று கேட்கிறது. முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறும், பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே. சிலருக்கு எடை குறைவதும் உண்டு.

மழைக்கு வேலை நின்று வீட்டில் முடங்கும் மாதங்களைவிட, உடல் உழைக்கும் பருவத்தில் விடுவது எடைக்கு நல்லது என்பேன். அதற்காக நாள் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம். வாய் கேட்கும்போது வெள்ளரிப்பிஞ்சு கடியுங்கள், மோர் குடியுங்கள்; டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். நிகோடின் சூயிங்கம் எடையேற்றத்தைத் தள்ளிப்போடும். மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். ஏறும் கிலோக்களைவிடப் புகை இதயத்துக்குச் செய்யும் கேடு மிகப் பெரிது. புகையிலையை விட உதவும் அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356. இன்றே கூப்பிடுங்கள்.