மலைப்பாம்பும் நம் வளர்ப்புப் பிராணிகளும்

சுங்கை காடுட் போன்ற இடங்களில் செம்பனைத் தோட்டமும் தாமான் வீடுகளும் பக்கம் பக்கமாக உள்ளன. தோட்டத்தில் எலி தேடும் மலைப்பாம்பு, லோங்காங் வழியே நம்ம கோழிக்கூடு வரைக்கும் வந்துவிடும்.

அதற்கு நஞ்சில்லை, இரையைச் சுற்றி இறுக்கியே கொல்லும். அதன் உதட்டோரக் குழிகள் இருட்டிலும் இரையின் உடல் சூட்டை உணரும். ஆகவே, "நாய்தானே காவல்" என்று இரவில் சங்கிலியில் கட்டிப் போடாதீங்க. கட்டிய நாயால் தப்பி ஓட முடியாது. நாயையும் பூனையையும் இருட்டும் முன்னே வீட்டுக்குள் விடுங்கள். கோழிக்கூட்டுக்குச் சின்னக் கண் கம்பிவலை அடியுங்கள். மிச்சத் தீனியை அகற்றுங்கள். எலி குறைந்தால் பாம்பு வரவும் குறையும்.

பாம்பைக் கண்டால் அடிக்கக் கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதையும் காக்கிறது. தள்ளி நின்று 999-க்கு அழையுங்கள்.

கட்டுரையிலும் ஒவ்வொரு வழிக்கும் இப்படிக் காரணம் சேர்த்து எழுதுங்கள்.