தேடினார்களா, சோதனையிட்டார்களா?

ஆங்கிலத்தில் 'சேர்ச்' வேறு, 'சேர்ச் ஃபோர்' வேறு. வீட்டையோ, பையையோ, ஓர் ஆளையோ சோதனையிடுவது 'சேர்ச்'. கையில் இல்லாத பொருளையோ, காணக் கிடைக்காத ஆளையோ தேடுவது 'சேர்ச் ஃபோர்'.

2019 ஏப்ரல் 26ஆம் திகதி சம்மாந்துறையில் ஒரு வீட்டிலிருந்து வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. அங்கே சோதனையிடப்பட்டது வீடு, தேடப்பட்டது வெடிபொருள். நமது செய்திகளிலோ இரண்டுக்கும் 'தேடுதல்' என்ற ஒரே சொல்தான்.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த 'ஃபோர்' இருக்கிறதா என்பதைத்தான். 'பொலிஸார் அவரைத் தேடினர்' என்று எழுதினால் அவர் தலைமறைவானவர் ஆகிவிடுவார். உண்மையில் அவர் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போனவராக இருக்கலாம். சின்ன ஊரில் அந்த ஒரு வரி போதும், அவர் மீது சந்தேகம் விழ.

இன்னொரு தேடலும் உண்டு. காணாமற்போனவர்களைத் தேடிக் கண்டறியும் பொறுப்பை 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோர் அலுவலகத்திடம் கொடுத்தது. அது 'சேர்ச் ஃபோர்'. கிழக்கில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் காத்திருப்பது அந்தத் தேடலின் முடிவுக்காக.