உப்பு குறையவே இல்லை!

"எங்க வீட்டு மிஷின் மாதிரி சிக்கனமான மிஷின் உலகத்திலேயே கிடையாது சார்!" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். பின்னே? தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்டனர் வாங்கி வைத்து ஆறு மாசம். அதில் கடைசி நாலு மாசமாக உப்பு டேங்க்கில் போட்ட உப்பு போட்டபடியே இருக்கிறது. ஒரு பிடி குறையவில்லை!

எதிர் வீட்டு வாத்தியார் (ரிடையர்ட் கெமிஸ்ட்ரி) என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "உப்பு குறையலைன்னா அதுக்குப் பேர் சிக்கனம் இல்லை சார்... ஸ்ட்ரைக்கு!" என்று சொல்லிவிட்டு பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் வீட்டுக்குள்ளும் அதே மாதிரி ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டு, தண்ணீர் நாலா பக்கமும் கோணலாகப் பீய்ச்சியது. பாத்ரூம் பக்கெட்டில் வெள்ளைக் கோடு. பெண்ணுக்குத் தலைமுடி சிக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக என் மனைவி, "என்னங்க, மிஷின் வந்த புதுசுல துவரம்பருப்பு நாலு விசில்ல குழைஞ்சுது. இப்ப ஏழு விசில் விட்டாலும் முத்து முத்தா நிக்குது!" என்றாள்.

(இந்தப் பருப்பு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய குண்டு இதிலிருந்துதான் விழப் போகிறது.)

தாம்பரம் பக்கத்தில் எங்கள் வீடு. போர் தண்ணீர். டெஸ்ட் செய்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 550 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் 2012-ம் வருஷ அளவுகோல்படி குடிநீரில் 200 இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம். அதாவது நாங்கள் 'வேறு வழியே இல்லாத' ஜாதி!

மறுநாள் சாயங்காலம் வாத்தியாரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் சோப்புத் துண்டுமாக வந்துவிட்டார். பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர், சீவிய சோப்பு கொஞ்சம், மூடி போட்டு ஒரு குலுக்கு. மென்மையான தண்ணீர் என்றால் நுரை பொங்கி நிற்கும். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோர் மாதிரி கலங்கி, மேலே திட்டுத் திட்டாக ஏதோ மிதந்தது. "பார்த்தீரா? சோப்பே வேணும். ஷாம்பு, வாஷிங் பவுடர் எல்லாம் போட்டா ஏமாத்திடும், உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும்" என்றார்.

பிறகு பாடம். விசில் வரை எல்லாம் தலையில் ஏறிய நான் இதையும் ஏற்றிக்கொண்டேன். பெரிய சிலிண்டருக்குள் ஜவ்வரிசியை விடச் சின்னதாக ரெசின் மணிகள் இருக்கின்றன. (செயற்கை ரெசினை 1935-ல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்று இரண்டு பேர் கண்டுபிடித்தார்களாம்.) மணி ஒவ்வொன்றும் சோடியத்தை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் வரும் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். பண்டமாற்று! மடி காலியானதும், கெட்டியான உப்புத் தண்ணீரை அதன் மேல் ஓட்டினால், கால்சியத்தைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு மறுபடி சோடியத்தைக் கட்டிக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீர் தயாராகும் இடம்தான் பக்கத்தில் இருக்கும் உப்பு டேங்க்.

எங்கள் மிஷினில் ரெசின் 25 லிட்டர். எங்கள் தண்ணீருக்கு அது சுமார் இரண்டாயிரம் லிட்டர்தான் தாங்கும். நாலு நாளில் காலி. ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ உப்பு சாப்பிட்டாக வேண்டும். நாலு மாசம் பட்டினி கிடந்ததை நான் சிக்கனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

டேங்க்கைத் திறந்தோம். மேலே உப்பு சமதளமாக, கிரிக்கெட் பிட்ச் மாதிரி. வாத்தியார் விரலால் தட்டினார். டொக் டொக்! "விளக்குமாத்துக் கட்டை இருக்கா?"

கட்டையை வைத்து மெதுவாகக் குத்தினேன். ஒன்று, இரண்டு... மூன்றாவது குத்தில் 'தொபுக்'கென்று கட்டை முழங்கை வரை உள்ளே போனது. உள்ளே வெற்றிடம்! மேலே ஈரக் காற்றில் உப்பு கல்லாய் இறுகி ஒரு பாலம் கட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பாலத்துக்குக் கீழே. உப்பு பாலத்துக்கு மேலே. இரண்டும் சந்தித்தால்தானே உப்புத் தண்ணீர் ஆகும்? இதற்குக் கடப்பாறை, ஸ்குரூ டிரைவர் எதையும் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் டேங்க் ஓட்டையாகிவிடும். கட்டைதான் சரி. நடுவில் குத்த வேண்டும். ஓரத்தில் மிதவை வால்வு இருக்கும் குழாய்ப் பக்கம் போகவே கூடாது.

"என்ன உப்பு போட்டீர்?"

மென்று விழுங்கினேன். கடைக்காரன் தந்தது மாத்திரை மாத்திரையாக இருக்கும் உப்பு. அது தீர்ந்ததும் நான் போட்டது, மளிகைக் கடையில் சமையல் தூள் உப்பு. தூள் உப்பு சீக்கிரம் இறுகும், அடியில் களி மாதிரி படியும். பாலத்தை இடித்தபின் அடியில் கை விட்டால் சாட்சாத் உப்புமா! சரி, கல் உப்பு போடலாமா என்றால், போடலாம். ஆனால் உப்பளத்து மண்ணும் கூடவே வரும். மாசா மாசம் டேங்க்கைக் கழுவ மனசு இருக்கிறவர்கள் போடலாம். எனக்கு இல்லை.

களியை வாளி வாளியாக அள்ளினேன். முருங்கை மரத்தடியில் கொட்டப் போனவனை மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். "மரத்தைக் கொல்லப் போறீங்களா?" உப்பு எல்லாம் சாக்கடைக்குப் போனது. டேங்க்கைக் கழுவி, மாத்திரை உப்பு பாதி உயரத்துக்குப் போட்டோம். விளிம்பு வரை நிரப்புவதுதான் பாலத்துக்கு அஸ்திவாரம் என்றார் வாத்தியார். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உப்பு தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் 360 கிராம் உப்பைத்தான் கரைக்கும். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நாலு நாள் காத்திருந்தேன். எட்டு நாள் ஆயிற்று. உப்பு குறையவே இல்லை!

கம்பெனிப் பையன் வந்தான். போன தடவை வந்து மிஷினைத் துடைத்துவிட்டு 600 ரூபாய் வாங்கிப் போன அதே பையன். "ரெசின் போச்சு சார். மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னான். எனக்கு வேர்த்துவிட்டது. நல்ல வேளை, வாத்தியார் கதவோரம் நின்றிருந்தார். "தம்பி, ரெசின் போனாலும் உப்பு குறையணுமே? உப்பு போற பாதையை முதல்ல பாரு" என்றார். பையன் முகம் தொங்கிப் போயிற்று. பிறகு ஒரு வயசான மெக்கானிக்கைப் பிடித்தோம். மனுஷர் ஸ்பானரை எடுக்கவே இல்லை. முதலில் மோட்டாரைப் போடச் சொன்னார். வால்வை உப்பு உறிஞ்சும் கட்டத்துக்குத் திருப்பினார். டேங்க்கிலிருந்து வரும் சின்னக் குழாயைக் கழற்றி, வால்வுப் பக்க முனையில் என் விரலை வைக்கச் சொன்னார். "இழுக்குதா சார்?"

இழுக்கவில்லை.

வால்வுக்குள் இஞ்செக்டர் என்று ஒரு சமாசாரம். ஊசி முனை மாதிரி துளை. அதன் வழியே தண்ணீர் வேகமாகப் பாயும்போது பக்கத்தில் இருப்பதை உறிஞ்சும். எங்கள் துளையில் மண்! அதற்கு முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டியிலும் மண். பழைய டூத் பிரஷ்ஷால் கழுவி மாட்டினார். கம்பி விட்டுக் குத்தக் கூடாதாம். துளை பெரிசானால் உறிஞ்சாது. இப்போது விரலைப் 'பச்சக்'கென்று இழுத்தது. உறிஞ்சுவதற்குப் பதில் குழாய் வழியே தண்ணீர் டேங்க்குக்குத் திரும்பி வந்தால், சாக்கடைக்குப் போகும் டியூப் அடைப்பு அல்லது நசுங்கல் என்று அர்த்தம் என்றார். உப்பு டேங்க் நிரம்பி வழிகிற வீடுகளில் பெரும்பாலும் வியாதி இந்த இரண்டில் ஒன்றுதானாம்.

அப்போதும் அடுத்த நாலாம் நாள் உப்பு குறையவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

துப்புக் கொடுத்தது என் அப்பா. வயசு 78. ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பார். "ஏண்டா, உன் மிஷின் நடுராத்திரி ரெண்டு மணிக்கு 'கர்ர்...'னு முனகுது. தண்ணி ஓடற சத்தம் மட்டும் கேக்கவே இல்லையே? அதுக்கு என்ன வியாதி?" என்றார்.

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. மிஷின் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் நேரம் கம்பெனியிலேயே ராத்திரி 2 மணி என்று வைத்து வந்திருக்கிறது. 24 மணி நேரமும் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிற ஊருக்கு அது சரி. எங்கள் வீட்டில் சாஃப்டனர் இருப்பது போர் மோட்டாருக்கும் மொட்டை மாடி டேங்க்குக்கும் நடுவே. மோட்டார் ஓடுவது காலை ஆறு மணிக்கு. ராத்திரி 2 மணிக்கு வால்வு மட்டும் கர்மசிரத்தையாகச் சுற்றி, வராத தண்ணீரில், இல்லாத உப்பை உறிஞ்சி, ஒழுங்காக ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது! முதல் இரண்டு மாசம் ஏன் சரியாக இருந்தது என்றால், மிஷினை மாட்டிய பையன் பகலில் மோட்டாரைப் போட்டு, கையால் திருப்பி ஓட்டிக் காட்டுவான். அவன் வருவது நின்றது, மிஷினும் நின்றது.

நேரத்தைக் காலை 5-க்கு மாற்றினோம். நாலு நாளைக்கு ஒரு தடவை, ஒன்றேகால் மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். அந்த நேரத்தில் மென்மையாகாத தண்ணீர் மாடிக்குப் போய்விடும் என்பதால் மாடி வால்வை முக்கால்வாசி மூடி வைக்கிறோம். (முழுக்க மூடினால் மோட்டாருக்கு ஆகாது.) கரண்ட் போய் வந்தால் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது உத்தமம். கடிகாரம் பின்தங்கிவிட்டால் கதை மறுபடி முதலிலிருந்து!

முதல் நாளே ஒரு கூத்து. பாதியில் கரண்ட் போயிற்று. கரண்ட் வந்ததும் அவசரக் குடுக்கையாக வால்வைக் கையால் திருப்பி, மாடி வால்வைத் திறந்தேன். ரெசினுக்குள் நின்றிருந்த உப்புத் தண்ணீர் அலசப்படாமல் அப்படியே மேலே போனது. ஏழு மணிக்குக் காபி வந்தது. ஒரு வாய் குடித்தேன். மெரினா!

"சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டியா?" என்று கேட்டது என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய தவறு. ஆயிரம் லிட்டர் டேங்க்கைக் காலி செய்து நான்தான் கழுவினேன்.

காபியைத் துப்பிவிட்டு நிமிர்ந்த போதுதான் அந்த குண்டு விழுந்தது. காபியில் உப்பு என்றால், சமையலறைக் குழாயும் இதே லைனா? ஆமாம்! அதனால்தானே புதுசில் பருப்பு சீக்கிரம் வெந்தது! நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். ஆனால் அப்பா? "கேன் தண்ணி எனக்கு ஒத்துக்காது" என்று சமையலறைக் குழாயில் பிடித்து, காய்ச்சி, செம்பில் ஊற்றிக் குடிப்பவர். பி.பி. பேஷன்ட். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, ஊறுகாயையும் அப்பளத்தையும் வீட்டை விட்டே விரட்டியிருக்கிறோம்!

வாத்தியார் பேப்பரில் கணக்குப் போட்டார். 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். எங்கள் 550-க்கு லிட்டருக்கு 250 சொச்சம். அப்பா குடிப்பது தினம் இரண்டரை லிட்டர். ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்ட கணக்கு. உலக சுகாதார நிறுவனம் நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் என்கிறது. காய்ச்சினால் சோடியம் போகாது. மிஷின் ஒழுங்காக ஓடிய முதல் இரண்டு மாசத்தில் டாக்டர் அப்பாவுக்கு மாத்திரையை ஒரு படி ஏற்றியிருந்தார். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா என்று சொல்ல நான் யார்? ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலு மாசம் மிஷின் ஸ்ட்ரைக் செய்ததற்கு, நன்றி சொல்வதா, திட்டுவதா?

உங்கள் வீட்டில் சாஃப்டனர் இருந்து, பி.பி.யோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவரும் இருந்தால், அந்தச் சோப்பு பாட்டிலை எடுத்துக்கொண்டு இன்றைக்கே சமையலறைக் குழாய்க்குப் போங்கள். நுரை பொங்கினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆர்.ஓ. மிஷின் சோடியத்தைப் பெருமளவு எடுத்துவிடும். அது இல்லாவிட்டால் சமையலுக்கு சாஃப்டனர் தொடாத தண்ணீர்தான். செடிகளுக்கும் அதேதான்.

எங்கள் வீட்டில் போரிலிருந்து சமையலறைக்குத் தனி லைன், மாடியில் அதற்கென்று ஒரு சின்ன டேங்க். பிளம்பர் கூலியோடு 7,000 ரூபாய் பழுத்தது. ஷவர் நேராகப் பீய்ச்சுகிறது. பெண் தலைமுடியைப் பற்றி வாய் திறப்பதில்லை. உப்பு நாலு நாளைக்கு ஒரு தடவை டாண் என்று குறைகிறது. அதை நான் தெருவில் யாரிடமும் சொல்வதில்லை. பருப்பு மட்டும் மறுபடி ஏழு விசில். அதற்கு முதல் நாளே ஊறவைத்துச் சமாளிக்கிறாள் மனைவி.

புது லைனில் முதல் செம்புத் தண்ணீரை அப்பாவிடம் நீட்டினேன். ஒரு மடக்குக் குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"அட, இதுதாண்டா நம்ம வீட்டுத் தண்ணி! இத்தனை நாளா எனக்கு என்னத்தைடா குடுத்துட்டு இருந்தீங்க?"