இரட்டையர் பதிவேடும் வினாவின் மொழியும்

இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தாயொருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஜொகூர் பாருவில் ஓர் ஒப்புதல் படிவத்தை நம்மிடம் காட்டினார். "ஐயா, இதில் 'மரபியல் ஆய்வு' என்று போட்டிருக்கிறார்களே, எங்கள் பூர்வீகத்தையா விசாரிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார்.

அவர் ஐயம் பிழையன்று. மரபு என்னும் சொல் வழிவழி வரும் வழக்கத்தையும் குறிக்கும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உயிரியற் கூறுகளையும் குறிக்கும். தமிழாசிரியர்க்கோ, மரபியல் என்றதும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலே நினைவில் எழும்.

ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த இரட்டையர் மரபணுவில் ஏறத்தாழ முற்றும் ஒத்தவர். இரு கருமுட்டைகளில் பிறந்தோர் உடன்பிறந்தார் அளவிற்கே ஒத்தவர். இவ்விரு வகையாரையும் ஒப்பிட்டால், ஒரு பண்பில் பிறப்பின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என மதிப்பிடலாம். குழந்தையின் சொல்வளமும் இவ்வாறு ஆராயப்படுவதால் இத்துறை நமக்கும் உரியதே. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1994 முதல் 1996 வரை பிறந்த இரட்டையருள் 10,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் இத்தகைய நெடுங்கால ஆய்வொன்றில் சேர்ந்தன. அப்பிள்ளைகளின் மொழி வளர்ச்சி இரண்டாம் வயது முதலே பதிவாயிற்று.

நம் அண்டையிலேயே நல்ல சான்று உண்டு. உளநோய் மருத்துவர் அதுல சுமதிபாலவின் முயற்சியால் 1997இல் இலங்கை இரட்டையர் பதிவேடு தோன்றியது. அதில் தாமே முன்வந்தோர் 14,120 பேர். மக்கள்தொகை அடிப்படையில் கண்டறியப்பட்டோர் 19,040 பேர். இரு வழிகள் ஏன் வேண்டும்? அழைப்பைக் கண்டு தாமே வருவோருள் பெண்களும் ஒத்த உருவினரும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினராக அமைவது பல நாடுகளிலும் கண்ட உண்மை. அவர்களை மட்டும் கொண்டு ஊர் முழுமைக்கும் முடிவு கூறல் இயலாது.

இரட்டையரின் வகையை அறியப் பெரும்பாலும் வினாக்களே போதும். மரபணுச் சோதனையோடு ஒப்பிடுகையில் நூற்றுக்கு 95 அளவில் விடை பொருந்தும். ஆயின் ஆங்கில வினாநிரலில், 'ஒரே காயினுள் இருக்கும் இரு பட்டாணிகள் போல இருந்தீர்களா?' என்றொரு வினா வரும். அதை அப்படியே பெயர்த்தால் நம் பாட்டிமார் சிரிப்பர். 'உரித்து வைத்தாற்போல்' என மாற்றலாமெனின், அத்தொடர் தந்தைக்கும் மகனுக்கும் உள்ள ஒப்புமைக்கே வழங்குவது. தாய் 'இல்லை, ஒருவன் அப்பாவைப் போல' என்பார். 'சிறு வயதில் உறவினர் உங்களுள் ஒருவரை மற்றவரென மயங்கியதுண்டா?' என நேரே கேட்பதே தக்கது. மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொற்பிழை ஓர் இணையையே தவறான வகையில் சேர்த்துவிடும்.

ஒப்புதலில் இடர் இன்னும் மிகுதி. பெற்றோர் இட்ட கையொப்பம் பிள்ளை வளர்ந்தபின் அவர் விருப்பமாகாது. மீண்டும் கேட்டல் வேண்டும். ஒருவர் இசைந்து மற்றவர் மறுத்தால் ஒப்பீட்டிற்கு அவ்விணை பெரிதும் பயன்படாது. ஒத்த இரட்டையராயின் ஒருவரின் மரபணுச் செய்தி மற்றவரதும் ஆகும். ஆதலின் மறுத்தவரை வற்புறுத்தலாகாது. எப்பொழுதும் விலகலாம் என்பதைப் படிவத்தின் முதற்பக்கத்திலேயே எளிய தமிழில் எழுதல் வேண்டும். கடைசிப் பக்கத்துச் சிற்றெழுத்தில் அன்று.

அத்தாயிடம், 'பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் உடற்கூறுகளைப் பற்றிய ஆய்வு' என விளக்கினோம். தம் மக்களைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார். மூத்தவன் உடனே இசைந்தானாம். இளையவன், அண்ணனைப் போல் தன்னை எண்ணவேண்டா என்றானாம். படிவம் திரும்பவில்லை.